நிரப்பிக்கொண்டே இருத்தல்: கைக்கடக்கமான ஒரு புகைக்கருவியை மதிப்பிடுவது பற்றி

1

ஒரு பொருளை மதிப்பிட உட்காருமுன், அளவுகோல் யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இலக்கியப் பிரதிகளிடமும் சட்டப் புத்தகங்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிவிட்டோம். சட்டைப் பையில் கிடக்கிற சின்னச் சாமானிடம் கேட்பது குறைவு. அது வெறும் சாமான்தானே என்று விட்டுவிடுகிறோம். அதிகாரம் சட்டைப் பைக்குள் இருந்தும் வேலை செய்யும் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

'வேப்' என்று இங்கே எல்லோரும் சொல்கிற மின்சிகரட்டில் ஒரு வகையைப் பற்றி எழுதுகிறேன். ஒரு விரலைவிடச் சற்று நீளம். கீழ்ப்பாதி பற்றரி. மேற்பாதி, உறிஞ்சுகிற வாய்முனையோடு சேர்ந்த ஒரு சின்னக் கிண்ணம். அதை 'பொட்' என்பார்கள். கிண்ணத்தில் திரவம் தீர்ந்தால் போத்தலிலிருந்து நாமே ஊற்றி நிரப்பலாம். கேலிபர்ன், எக்ஸ்ராஸ் போன்ற பெயர்களில் வருபவை இந்த வகை.

நான் கிழக்கு லண்டனில் ஒரு சில்லறைக் கடையில் கவுண்டரில் நிற்கிறவன். இந்தக் கருவிகள் என் முதுகுக்குப் பின்னால் தட்டில் அடுக்கியிருக்கின்றன. பதினெட்டு வருஷம் சிகரட் பத்தியவன். இரண்டு வருஷமாக இந்தக் கருவி. ஆக விற்கிறவன், வாங்குகிறவன், யோசிக்கிறவன் என்று மூன்று பேர் ஒரே சட்டைக்குள் நின்று சண்டை பிடிக்கிறார்கள். நடுநிலை என்று ஒன்று எனக்கு இல்லை. நடுநிலையான மதிப்பீடு என்று இணையத்திலும் கடை விளம்பரத்திலும் வருவனவற்றை நான் நம்புவதும் இல்லை.

2

ஏன் இப்போது இதைப் பற்றிப் பேச வேண்டும்? 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியாவில் ஒருமுறை பாவித்து எறிகிற வேப்களை விற்பது தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் 2023இல், வாரத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் வேப்கள் குப்பைக்குப் போகின்றன என்று மின்கழிவு மீள்சுழற்சிக்காக இயங்கும் 'மெற்றீரியல் ஃபோகஸ்' அமைப்பு கணக்குச் சொல்லியிருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லிதியம் பற்றரி. குப்பை லொறிகளில் தீப்பிடித்தது. பிள்ளைகளின் கைக்கும் போனது. அரசு தடை கொண்டுவந்தது.

தடை வந்த வாரமே எங்கள் தட்டு மறுபடி நிரம்பிவிட்டது. அதே நிறங்கள், அதே பழங்களின் பெயர்கள். மாறியது, கீழே சார்ஜ் பண்ண ஒரு துளையும் மேலே கழற்றக்கூடிய ஒரு கிண்ணமும்தான். சட்டம் முக்கியமாகக் கேட்டதும் இதைத்தான்: பற்றரியைத் திரும்பச் சார்ஜ் செய்ய முடிய வேண்டும், திரவத்தைத் திரும்ப நிரப்ப முடிய வேண்டும். முன்கூட்டியே நிரப்பி மூடப்பட்ட கிண்ணத்தைத் தனியாக வாங்கி மாட்ட முடிந்தாலும் 'நிரப்பக்கூடியது' என்ற கணக்கில் சேரும். சிலர் அதையும் செய்வதில்லை. தீர்ந்ததும் கருவியையே எறிந்துவிட்டு இன்னொன்று கேட்கிறார்கள். எறிகிற பழக்கம் பொருளுக்குள் இருந்ததைவிட மனிதருக்கும் பொருளுக்கும் இடையிலான உறவுக்குள் கூடுதலாக இருந்தது. அந்த உறவைச் சட்டம் தொடவில்லை.

'நிரப்பக்கூடியது' என்ற சொல்லைச் சட்டமும் சொல்கிறது, சந்தையும் சொல்கிறது. இரண்டும் ஒரே பொருளில் சொல்கின்றனவா? எதை நிரப்புகிறோம்? கேள்வி இதுதான்.

3

கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைக் கட்டுடைக்க ஏலாது. எனவே கொஞ்சம் தொழில்நுட்பம்.

நாம் உறிஞ்சும்போது உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. ஒரு சின்ன உணரி அதைக் கண்டுபிடித்துப் பற்றரியைத் திறந்துவிடுகிறது. மின்சாரம் ஒரு கம்பிச் சுருளுக்கு, அதாவது கொயிலுக்கு, அல்லது வலை போன்ற மெல்லிய உலோகத் தகட்டுக்குப் போகிறது. அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு திரவத்தைக் கிண்ணத்திலிருந்து இழுத்து வைத்திருக்கும். சூட்டில் திரவம் ஆவியாகி, காற்றுப் பட்டதும் நுண்துளிகளாகிறது. வாயிலிருந்து வருவது புகையல்ல, பனிமூட்டம் மாதிரியான ஒன்று. திரவத்தில் இருப்பவை புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைச் சேர்மானங்கள், நிக்கொட்டின்.

சிகரட்டில் நடப்பது எரிதல். இழுக்கிற கணத்தில் அதன் நுனி ஏறத்தாழ 900 பாகை செல்சியஸுக்குப் போகிறது. கரியொட்சைட்டும் தாரும் அங்கேதான் பிறக்கின்றன. புகைக்கிறவரைக் கொல்வது பெருமளவுக்கு இந்த எரிதல், அடிமையாக்குவது நிக்கொட்டின். இந்த இரண்டையும் பிரித்துவிடலாம் என்பதுதான் மின்சிகரட்டின் முழு வாக்குறுதியும். அமெரிக்கரான ஹேர்பர்ட் கில்பர்ட் புகையற்ற சிகரட் ஒன்றுக்கு 1965இல் காப்புரிமை பெற்றார்; அது சந்தைக்கு வரவில்லை. சீன மருந்தாளர் ஹொன் லிக் 2003இல் உருவாக்கியதுதான் இன்றைய கருவிகளின் மூதாதை. அதன் வணிகப் பெயர் 'ரூயான்'. சீனத்தில் 'புகைபோல' என்று அர்த்தம். பெயரிலேயே போலச்செய்தல் இருந்தது.

அடுத்த திருப்பம் வேதியியலில் வந்தது. சாதாரண நிக்கொட்டின் கூடிய அளவில் தொண்டையைக் கீறும். அந்தக் கீறலே ஒரு தடைக்கல்லாக இருந்தது. பென்சோயிக் அமிலம் சேர்த்து 'நிக்கொட்டின் உப்பு' ஆக்கினால் கீறல் அடங்கிவிடும். 2015இல் அமெரிக்காவில் வந்த 'ஜூல்' இதைத்தான் செய்தது. மில்லிலீற்றருக்கு 59 மில்லிகிராம் நிக்கொட்டின் தொண்டை நோகாமல் இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் வைத்திருக்கும் எல்லை 20 மில்லிகிராம். கிண்ணத்தின் கொள்ளளவு 2 மில்லிலீற்றர். நிக்கொட்டின் உள்ள போத்தல் 10 மில்லிலீற்றர். இந்த இலக்கங்களை ஞாபகம் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

4

கடைக்கு வருகிற எங்கட ஆட்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். "அண்ணை, எது நல்லது?" "எவ்வளவு நாளைக்கு நிக்கும்?" வணிக விமர்சகர்கள் இந்த இரண்டு கேள்வியையும் பத்தாகப் பிரித்து மதிப்பெண் போடுகிறார்கள். அவற்றில் முக்கியமான நான்கைப் பார்ப்போம்.

முதலாவது, சுவை. கொயில் புதிதாக இருக்கும்வரை சுவை இருக்கும். இனிப்புச் சேர்த்த திரவம் கொயிலில் கரியாகப் படியும். ஒன்றிரண்டு கிழமையில் கருகல் வாடை வரும். பஞ்சு காய்ந்திருக்கும்போது இழுத்தால் அப்போதே கருகும். அந்தச் சூட்டில் ஃபோமல்டிகைட் போன்றவை கூடுதலாக உண்டாகும். எனவே புதுக் கிண்ணத்தை நிரப்பி ஐந்து பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். இரண்டாவது, இழுப்பு. காற்றுத் துளை ஒடுங்கியிருந்தால் சிகரட் மாதிரி முதலில் வாய்க்கும் பிறகு நெஞ்சுக்கும் போகும். சிகரட்டிலிருந்து வருகிறவருக்கு இதுதான் பழகின உடல்மொழி. மூன்றாவது, ஒழுகல். ரப்பர் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் சட்டைப் பை நாசம். நான்காவது, பற்றரி. இந்தச் சின்னக் கருவிகளில் பெரும்பாலும் 500 முதல் 1000 மில்லி ஆம்பியர் மணி. மிதமாகப் பாவித்தால் ஒரு நாள் தாங்கும்.

இவை உபயோகமான விவரங்கள். மறுக்கவில்லை. ஆனால் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுவை மாறக் கூடாது, இழுப்புத் தடைப்படக் கூடாது, ஒழுகி இடைஞ்சல் தரக் கூடாது, பற்றரி பாதியில் நிற்கக் கூடாது. நான்கும் ஒரே அளவுகோலின் நான்கு பெயர்கள். அந்த அளவுகோல்: இடையறாமை. நல்ல கருவி என்றால் உன்னை எந்த இடத்திலும் நிறுத்தாத கருவி. மதிப்பீட்டுச் சொல்லாடல் நமக்குத் தெரியாமலே கட்டமைக்கிற ஆசை இது.

5

சிகரட்டுக்கு ஒரு முடிவு உண்டு. மோசமான பொருள்தான், ஆனாலும் அது முடிகிறது. பற்றவைக்க வேண்டும், ஐந்தாறு நிமிஷத்தில் விரல் சுடும், நசுக்க வேண்டும். இன்னொன்று வேண்டுமென்றால் திரும்பத் தொடங்க வேண்டும். எங்கள் ஊரில் தூரத்தையும் நேரத்தையும் சுருட்டால் அளந்த கிழவர்கள் இருந்தார்கள். 'ஒரு சுருட்டுப் பத்தி முடிக்கிற தூரம்' என்றால் எல்லோருக்கும் விளங்கும். மிச்சத்தைக் காதில் செருகிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். காதில் கிடந்த குறைச் சுருட்டு, நிறுத்தம் ஒன்று நடந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

தொழிற்சாலை இந்த நேரத்தைத் தன் மணியோடு சேர்த்துக் கட்டியது. இடைவேளை, வெளியே போ, பத்து, உள்ளே வா. ஃபூக்கோ சொன்ன ஒழுங்குபடுத்தும் சமூகத்துக்கு ஏற்ற புகை சிகரட். பிறகு 1990இல் ஜில் டெல்யூஸ், அந்தச் சமூகம் போய்க் கட்டுப்பாட்டுச் சமூகம் வருகிறது என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒழுங்குபடுத்தும் சமூகத்தில் மனிதன் பள்ளிக்கூடம், பட்டாளம், ஆலை என்று ஒவ்வோர் அடைப்பிலும் புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருப்பான். கட்டுப்பாட்டுச் சமூகத்தில் எதையும் முடிக்கவே மாட்டான் என்பது அவரது வாதம். மின்சிகரட் பற்றி அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் பொட் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான விவரணை எனக்குக் கிடைக்கவில்லை.

பொட் எங்கே முடிகிறது? ஒரு இழுப்பு இழுத்துப் பையில் வைக்கலாம். இரண்டு நிமிஷத்தில் இன்னொன்று. பஸ் தரிப்பிடத்தில், கழிப்பறையில், போர்வைக்குள். மணம் இல்லை, சாம்பல் இல்லை, கண்டுபிடிக்கிறவர் இல்லை. நான் சிகரட் பத்திய காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால் இலக்கம் சொல்வேன். இப்போது கேட்டால் இலக்கம் இல்லை. எண்ண முடியாததைக் குறைக்கவும் முடியாது. கவுண்டரைவிட்டு அசையாமலே வேலையும் நடக்கிறது, நிக்கொட்டினும் இறங்குகிறது. முதலாளிக்கு இடைவேளை மிச்சம். 'புகைத்துவிட்டு வாறன்' என்று சொல்லி வெளியே போய், பக்கத்துக் கடைத் தோழனோடு ஊதியம் பற்றிக் கதைத்த அந்த ஆறு நிமிஷமும் சேர்த்துத்தான் காணாமல் போயிருக்கிறது.

1972இலேயே பிலிப் மொரிஸ் கம்பனியின் ஆய்வாளர் வில்லியம் டன் உள்சுற்று அறிக்கையில் எழுதியிருந்தார்: சிகரட்டைப் பண்டமாக நினைக்கக் கூடாது, அது வெறும் உறை, உண்மையான பண்டம் நிக்கொட்டின்தான் என்கிற கருத்தில். உறைகள் மாறிக்கொண்டு வந்து, கடைசியில் பண்டமே நேராக வந்து நின்ற இடம் பொட்.

6

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் கைதட்டு விழும். ஆனால் அது நேர்மையாக இருக்காது. எங்கள் விமர்சன மரபில் ஒரு சோம்பல் உண்டு: ஒரு பொருள் முதலாளியத்தின் பொருள் என்று நிறுவிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. நுரையீரல் அப்படி நினைப்பதில்லை.

பிரித்தானியாவில் புகைவிடும் நிலையங்களுக்கு வந்த 886 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு நிக்கொட்டின் பட்டி, சுவிங்கம் போன்றவை. மற்றப் பகுதியினருக்கு, கவனியுங்கள், நிரப்பக்கூடிய மின்சிகரட்டும் ஒரு போத்தல் திரவமும். ஒரு வருஷம் கழித்துச் சிகரட்டை விட்டிருந்தவர்கள் முதல் பகுதியில் 9.9 வீதம், இரண்டாவதில் 18 வீதம். ஏறத்தாழ இரட்டிப்பு. எரிதலிலிருந்து தப்பிய ஒவ்வொருவரும் ஓர் உயிர். இதைக் கோட்பாட்டால் தள்ளிவிட முடியாது.

அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. சிகரட்டை விட்ட மின்சிகரட்காரர்களில் 80 வீதம் பேர் ஒரு வருஷம் கழித்தும் அந்தக் கருவியைப் பாவித்துக்கொண்டிருந்தார்கள். பட்டி, சுவிங்கத்தால் விட்டவர்களில் 9 வீதம் பேரே அவற்றைத் தொடர்ந்தார்கள். சுகாதாரத்துறை முதல் எண்ணைப் பிடித்துக்கொள்கிறது, ஒழுக்கவாதிகள் இரண்டாவதை. இரண்டையும் ஒருசேரப் பிடிக்க வேண்டும். இந்தக் கருவி ஒரு கதவைத் திறந்து எரிகிற வீட்டிலிருந்து வெளியே விடுகிறது. வெளியே வந்தவரை முற்றத்திலேயே வைத்துக்கொள்கிறது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2019இல் பரவிய நுரையீரல் நோயால் 2020 பெப்ரவரி வரை 68 பேர் இறந்தார்கள். அதோடு பலமாகத் தொடர்புபட்டது, முறைசாராமல் விற்ற கஞ்சாத் திரவங்களில் கலந்த விற்றமின் ஈ அசிற்றேற். கடையில் விற்கிற நிக்கொட்டின் திரவத்தில் அதற்கு அனுமதி இல்லை. இதனால் இந்தத் திரவம் குற்றமற்றது என்று ஆகாது. பல பத்தாண்டுப் பாவனையின் விளைவைச் சொல்ல இன்னும் அத்தனை வருஷம் கடக்கவில்லை. ஒருபோதும் சிகரட் பத்தாத பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது எரிகிற வீட்டின் கதவும் அல்ல; வெளியே நின்ற பிள்ளையை முற்றத்துக்குள் இழுக்கிற படலை. இங்கே 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம். அடையாள அட்டை கேட்டு நான் வாங்கின ஏச்சுக்கு அளவில்லை.

7

அரசுகளும் மதிப்பிடுகின்றன. மூன்று அரசுகளைப் பார்ப்போம்.

இந்தியா 2019இல் மின்சிகரட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு எல்லாவற்றையும் சட்டம் போட்டுத் தடுத்தது. முதல் குற்றத்துக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். பிள்ளைகளைக் காப்பாற்ற என்றார்கள். சிகரட்டும் பீடியும் பெட்டிக்கடையில் அப்படியே தொங்குகின்றன. தடை வந்த நேரத்தில், நாட்டின் மிகப் பெரிய சிகரட் கம்பனியான ஐடிசியில் அரசின் முதலீட்டு நிறுவனம் ஒன்று பங்கு வைத்திருந்தது. எரிவதை அனுமதித்து எரியாததைத் தடுக்கிற இந்த மதிப்பீட்டில் நுரையீரல் எந்த இடத்தில் வருகிறது?

சீனம் 2022 ஒக்ரோபர் 1 முதல் புகையிலைச் சுவை தவிர்ந்த மற்றச் சுவைகளைத் தன் மக்களுக்கு விற்பதைத் தடுத்தது. ஏற்றுமதிக்கு அந்தத் தடை இல்லை. உலகத்தின் மின்சிகரட்டுகளில் மிகப் பெரும் பகுதி ஷென்சென் நகரத்தில்தான் செய்யப்படுகிறது. தன் பிள்ளைக்கு ஆகாத மாம்பழச் சுவை ஊரான் பிள்ளைக்கு ஆகும் என்பது அந்த மதிப்பீடு.

பிரித்தானியா 2023இல், 10 லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் கருவி கொடுத்துச் சிகரட்டை விடவைக்கும் திட்டத்தை அறிவித்தது. 2025இல் எறிகிறதைத் தடுத்தது. மூன்றில் இதுதான் நுரையீரலைக் கொஞ்சமாவது கணக்கில் எடுத்தது. ஆனால் கருவியைக் கொடுத்தவர்கள், அதிலிருந்து வெளியே வருகிற வழியைப் பற்றிக் கொடுத்த அளவுக்குப் பேசவில்லை.

8

இப்போது 'நிரப்பக்கூடியது' என்ற சொல்லுக்குத் திரும்பலாம். நான் அதைக் கைவிடத் தயாரில்லை. அந்தச் சொல்லுக்குள் சந்தை விரும்பாத ஓர் அர்த்தமும் ஒளிந்திருக்கிறது.

மூடிய கிண்ணத்தில் அளவைத் தீர்மானிப்பது கம்பனி. ஜூலின் வெற்றியே அதுதான். சவர அலகுக் கம்பனிகளின் பழைய தந்திரம்: பிடியை மலிவாகக் கொடு, அலகில் உழை. மார்ல்பரோ கம்பனியான அல்ட்ரியா 2018 டிசம்பரில் 1,280 கோடி டொலருக்கு ஜூலின் 35 வீதத்தை வாங்கியது. 2023இல் அந்தப் பங்கைக் கைவிட்டது. சிகரட் கம்பனி அவ்வளவு காசு கொடுத்தது பிளாஸ்ரிக்குக்கு அல்ல, மற்றவர் உடலில் எவ்வளவு இறங்குவது என்று தீர்மானிக்கிற உரிமைக்கு.

நிரப்புகிற கருவியில் அந்த உரிமை, முழுதாக இல்லாவிட்டாலும், பாவிக்கிறவரின் கைக்கு வருகிறது. போத்தலில் இலக்கம் எழுதியிருக்கிறது: 20, 10, 6, 3, பூச்சியம். எது என்று நாம் தெரிகிறோம். எத்தனை போத்தல் என்று எண்ணலாம். இழுப்பை எண்ண முடியாமல் போனவனுக்குப் போத்தலையாவது எண்ணலாம். நான் 20இல் தொடங்கி இப்போது 6இல் நிற்கிறேன். இதில் ஒரு பொறியும் உண்டு. அளவு குறைந்தால் உடல் கூடுதலாக இழுத்து ஈடுகட்டப் பார்க்கும். 'லைற்' சிகரட் என்று விற்று நம்மை ஏமாற்றியது இதே உடல் தந்திரத்தால்தான். ஆகவே இலக்கத்தைக் குறைக்கிறவர் போத்தல் கணக்கையும் பார்க்க வேண்டும்; அவசரப்பட்டுக் குறைத்துத் திரும்பச் சிகரட்டுக்குப் போவதைவிட மெதுவாக இறங்குவது நல்லது.

அப்படியானால் என் அளவுகோல் இடையறாமை அல்ல. இந்தக் கருவி தன்னையே தேவையற்றதாக்க எவ்வளவு இடம் தருகிறது என்பது. அதிலிருந்து வருகிற கேள்விகள் இவை:

ஒன்று: இதற்கு முன் நீ சிகரட் பத்தினாயா? இல்லை என்றால் வேறு எந்த மதிப்பெண்ணும் தேவையில்லை. வைத்துவிட்டுப் போ.

இரண்டு: அளவு யார் கையில்? எந்தப் போத்தலையும் ஊற்றலாமா, கம்பனி மூடி அனுப்பியதைத்தான் மாட்ட வேண்டுமா?

மூன்று: கிண்ணம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதா? எவ்வளவு தீர்ந்தது என்று பார்க்க முடியாத கருவி முடிவை மறைக்கிற கருவி.

நான்கு: எதை எறிய வேண்டும்? கொயிலை மட்டும் கழற்றி மாற்றலாமா, முழுக் கிண்ணத்தையும் கிழமைக்கொருதரம் வீச வேண்டுமா? பற்றரி செத்தால் எல்லாம் செத்ததா? இன்றைய சின்னக் கருவிகளில் பல இந்தக் கேள்வியில் தோற்கின்றன. கொயிலைக் கிண்ணத்தோடு ஒட்டிவிட்டு 'நிரப்பக்கூடியது' என்கிறார்கள்.

ஐந்து: பாவிக்கும்போது எழும்பி வெளியே போகிறாயா? இது கருவியிடம் கேட்கிற கேள்வியல்ல. ஆனால் நிறுத்தத்தைக் கருவி தராதபோது அதை நாமே கட்ட வேண்டியிருக்கிறது.

கடையில் ஒருவர், என்னைவிட மூத்தவர், முப்பது வருஷம் பத்தினவர், இந்தக் கேள்விகளை ஒருநாள் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "தம்பி, நீ விற்கிறியோ, விற்காமல் விடப்போறியோ?" என்று சிரித்தார். விற்றேன். 20 மில்லிகிராம் போத்தல் ஒன்றும் கொடுத்தேன். முப்பது வருஷச் சிகரட்டுக்கு 6 காணாது. நாலாம் நாள் திரும்பப் பெட்டி வாங்க வந்துவிடுவார். மூன்று மாதம் கழித்து வந்து கீழே இறங்கலாமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு கடைக்காரன் போதாது. புகைவிடும் நிலையத்தில் ஒரு தாதி வேண்டும், இடைவேளை கேட்டு வாங்க ஒரு சங்கம் வேண்டும், கொயிலைக் கழற்றும்படி செய் என்று கம்பனியைக் கட்டுப்படுத்துகிற சட்டம் வேண்டும். இவை எதுவும் எந்தக் கருவியின் பெட்டிக்குள்ளும் வருவதில்லை.